பொருள் என்பது யாதெனில்

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் படிக்கச் செல்லும் மாணவி ஒருவர் அண்மையில் தம் விடைத்தாளை எங்களிடம் காட்டினார். பொருள்நோக்கு நிரலாக்கம் என்றால் என்ன என்பது வினா. 'தம் நிலையைத் தமக்குள் மறைத்துக்கொண்ட பொருள்கள், செய்திகள் வழியாக ஒன்றையொன்று இயக்கும் முறை' என்று எழுதியிருந்தார். மதிப்பெண் சுழியம். உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்ற மூன்று சொற்களும் விடையில் இல்லையாம்.

1960களில் அத்தொடரை உருவாக்கிய ஆலன் கே அந்தத் தேர்வை எழுதியிருந்தால் அவரும் தேறியிருக்க மாட்டார். 2003இல் விளக்கம் கேட்ட ஒருவருக்கு அவர் எழுதிய மறுமொழி, ஏறத்தாழ இம்மாணவியின் விடைதான். மரபுரிமத்தை அவர் அதில் சேர்க்கவில்லை. 'பொருள்' என்ற பெயரை வைத்ததற்காக 1998இலேயே வருந்தியும் இருக்கிறார். செய்தியே முதன்மையானது என்பது அவர் கட்சி.

மரபுரிமம் வந்த வழி வேறு. நார்வேயில் டாலும் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 அதனைத் தந்தது. 1979இல் பெல் ஆய்வகத்தில் ஸ்ட்ரௌஸ்ட்ரூப் அதன் கருத்துகளைக் கொண்டு தொடங்கிய பணி சி++ மொழியாயிற்று. நம் பாடநூல்களின் இலக்கணம் பெரிதும் அம்மரபினது.

செம்பட்டிப் பேருந்து நிலையத்தில் நின்றால் இரண்டையும் காணலாம். அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, மினி பேருந்து யாவும் 'பேருந்து' என்னும் இனத்தின் பிரிவுகள் என்று வகுப்பது சிமுலாவின் பார்வை. நடத்துநர் இரண்டு விசில் கொடுக்கிறார், வண்டி புறப்படுகிறது. ஓட்டுநர் எந்தக் கியரைப் போட்டார் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இது கேயின் பார்வை. இவற்றுள் ஒன்றைப் பொய்யென்று தள்ள இயலுமா?

தேர்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்பர். வேண்டும்தான். ஆனால் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் கண்ட உரையைச் சேனாவரையர் பலவிடங்களில் மறுக்கிறார். நாம் இருவரையும் பயில்கிறோம், இன்னார் உரை இது என்று பெயர் சுட்டுகிறோம். அவ்வழக்கம் கணினி வகுப்பறைக்கும் ஆகாதா? 'சி++ மரபின்படி விளக்குக' என்று வினாவில் இரண்டு சொல் கூட்டியிருந்தால் அம்மாணவிக்கு இழப்பில்லை. 2009இல் வெளிவந்த கோ மொழியில் இனங்களுக்கிடையே மரபுரிமமே இல்லை; நாளை அவர் அதில் பணிபுரியவும் கூடும்.

மூன்று சொற்களை மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் பெறுகிறார். விளங்கிக்கொண்டு எழுதியவர் தோற்கிறார். பண்டத்தையும் அர்த்தத்தையும் 'பொருள்' என்ற ஒரே சொல்லால் சுட்டும் மொழியில் இது நிகழ்வது எங்களுக்கு உறுத்துகிறது.