கணக்கு கசக்கிறதா?



திண்டுக்கல் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவனை, பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். அவனுக்குக் கணக்கு வரவில்லை, பயம்தான் வந்தது. தவறு என்னுடையது!

'டக்ஸ் மேத்' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு உண்டு, இலவசம்தான். வானிலிருந்து வால் நட்சத்திரங்கள் விழும். ஒவ்வொன்றிலும் ஒரு கணக்கு இருக்கும். 7 × 8 என்று வந்தால், 56 என்று தட்ட வேண்டும். உடனே அது வெடித்துச் சிதறும். தவறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், மறுபடியும் தட்டலாம். கூட்டலில் துவங்கி வகுத்தல் வரை, படிப்படியாக முன்னேறலாம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா? பள்ளியில் ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஆனால், ஒன்று... விளையாட்டு, வேகத்தைத்தான் வளர்க்கும். 7 × 8 ஏன் 56 என்று சொல்லித் தராது. அதற்குப் புளியங்கொட்டை போதும். எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கி, எண்ணிப் பாருங்கள், புரிந்து விடும். தினமும் 15 நிமிடம் விளையாட்டு. பின், நோட்டில் ஐந்து கணக்கு. அது போதும்!

பெற்றோரே... பூட்டுக்குப் பெயர் போன ஊர் நம்முடையது. சுத்தியலால் அடித்தால் பூட்டு உடையும். சாவி போட்டால்தான் திறக்கும். பிள்ளைகளின் மனமும் அப்படித்தான்!

என்ன குழந்தைகளே, இன்றே துவங்கலாமா?