கைதட்டல் கூலியாகாது

ஒருவரை வாயாரப் புகழ்ந்துவிட்டால் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்துவிடும் என்னும் எண்ணம் நம் நாட்டில் ஆழ வேரூன்றிக் கிடக்கிறது. புலவருக்குப் பொன்னாடை போர்த்துவோம். அவருடைய நூலை விலைகொடுத்து வாங்க மாட்டோம். ஆசிரியரைத் தெய்வத்துக்கு நிகரென மேடையில் பேசுவோம். அவர் சம்பளத்தைக் கேட்டால் முகஞ்சுளிப்போம். அந்த வரிசையில் அண்மைக் காலத்தில் நாம் கொண்டுபோய் நிறுத்தியிருப்பவர் செவிலியர். கொள்ளைநோய்க் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி உழைத்த அவருக்கு நாடு சூட்டிய பெயர் 'தேவதை'. அந்தப் பெயர் அவருக்கு இழைத்த தீங்கை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தவற்றைச் சற்றே நினைவுகூர்வோம். 2020 மார்ச் 11ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மருத்துவப் பணியாளருக்கு நன்றி தெரிவிப்பதாகச் சொல்லி நாடெங்கும் மக்கள் வாசலிலும் மாடியிலும் நின்று கைதட்டினர். தட்டுகளையும் மணிகளையும் ஒலித்தனர். அந்த ஓசை அடங்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை. தலைநகரில் மருத்துவரையும் செவிலியரையும் வாடகை வீடுகளிலிருந்து வெளியேறச் சொல்கிறார்கள் என்ற முறையீடு எழுந்தது. ஏப்ரலில் சென்னையில், தொற்றினால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ஏப்ரல் 22ஆம் நாள், 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குச் சிறைத்தண்டனை உண்டென்று மத்திய அரசு அறிவிக்க நேர்ந்தது. கைதட்டிய நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். சரியாக ஒரு மாதம்! புகழ்மொழியின் ஆயுள் அவ்வளவுதான்.

மருத்துவமனைக்குள் நடந்ததைச் செய்தித்தாள்கள் ஓரளவு எழுதின. தெருவில் நடந்ததை எழுதியவர் குறைவு. தமிழகத்துக் கிராமங்களில் 'நர்சம்மா' என்று நாம் அழைக்கும் கிராம சுகாதாரச் செவிலியரை எடுத்துக்கொள்வோம். சமவெளியில் 5,000 மக்களுக்கும் மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த நிலையத்தின் உயிர்நாடி இவரே. எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், யாருக்கு இரத்தச் சோகை, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்பதெல்லாம் இவருடைய பதிவேட்டில் இருக்கும். புதன்கிழமை தடுப்பூசி, மற்ற நாள்களில் வீட்டுச் சுற்று. இது அமைதிக் காலத்து வேலை.

பெருந்தொற்று வந்தபோது இதன்மேல் மற்றொரு மலை ஏற்றப்பட்டது. காய்ச்சலும் இருமலும் உள்ளவரை வீடு வீடாகக் கேட்டறிதல், நோயாளியோடு பழகியவர் பட்டியலைத் திரட்டுதல், தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களை விசாரித்தல், காய்ச்சல் முகாம், 2021 ஜனவரி 16க்குப் பிறகு கொரோனாத் தடுப்பூசி என வேலை பெருகியது. பழைய வேலை குறைந்ததா? ஊரடங்கு என்று சொல்லிப் பிரசவத்தைத் தள்ளிப்போட முடியுமா? குழந்தைக்குப் போட வேண்டிய ஊசி காத்திருக்குமா? இரண்டு சுமைகளையும் ஒரே தோள் தாங்கியது.

'இரக்க குணம் இருந்தால் யாரும் செய்யலாமே' என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொரோனாக் காய்ச்சலில் சிலர் எழுந்து உட்கார்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தில் பிராணவாயு அபாய அளவுக்கு இறங்கிவிடும். விரலில் மாட்டும் சிறு கருவி 94க்குக் கீழே காட்டினால் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு பூசியிருந்தாலும் அந்தக் கருவி பிழையாகக் காட்டக்கூடும். எந்த எண்ணை நம்புவது, எதை மீண்டும் பார்ப்பது, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று மறுக்கும் பெரியவரை எப்படி வாகனத்தில் ஏற்றுவது என்பவை கற்றும் பழகியும் வருகிற திறமைகள். தச்சுவேலைக்கு உளி பிடிக்கத் தெரிய வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், செவிலியத்துக்கு மட்டும் நல்ல மனம் போதும் என்கிறோம். அந்தத் தொழிலை இதைவிட மலிவாக மதிப்பிட முடியாது.

இதன் மதிப்பைக் கணக்குப் பார்த்து அறிந்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தார்கள். அமெரிக்காவின் நியூயார்க் நகரில், குடியேறிய ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், 1893இல் லில்லியன் வால்டு என்னும் செவிலியர் வீட்டுச் சுற்றுப் பணியைத் தொடங்கினார். ஹென்றி தெரு இல்லம் என்று அது பெயர் பெற்றது. 1909இல் மெட்ரோபாலிடன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், தன்னிடம் காப்பீடு செய்திருந்த தொழிலாளர் நோயுற்றால் இந்தச் செவிலியரை அனுப்பவும் அதற்குரிய கட்டணத்தைத் தானே செலுத்தவும் முன்வந்தது. அந்நிறுவனம் தருமத்துக்காகவா கொடுத்தது? நோயாளி பிழைத்தால் காப்பீட்டுத் தொகை மிச்சம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது! 1918இல் நச்சுக் காய்ச்சல் உலகைச் சூறையாடியபோது அதற்குத் தடுப்பூசியும் இல்லை; கொல்லும் மருந்தும் இல்லை; காரணமான கிருமி இன்னதென்றும் அன்று தெரியாது. நீராகாரம் ஊட்டி, உடல் துடைத்து, படுக்கையை மாற்றி, சாளரத்தைத் திறந்து காற்று வரச்செய்த செவிலியரின் கையே மருந்தாக இருந்தது. இலாபம் பார்க்கும் வணிகர் கண்டுகொண்ட உண்மையை, மக்கள் நலம் பேசும் அரசுகள் இன்னும் காணத் தயங்குகின்றன என்பது விந்தையன்றோ?

செவிலியரின் கைப்பெட்டியில் இல்லாத கருவி ஒன்று உண்டு. அதுதான் நம்பிக்கை. கதவு திறக்கப்பட்டால்தான் அவருடைய வேலை தொடங்கும்; உண்மை சொல்லப்பட்டால்தான் அது முடியும். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்த நம்பிக்கை என்ன பாடுபட்டது என்பதை நம் குடும்பங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தில்லி மாநாடு ஒன்றைச் சாக்காக வைத்து ஒரு சமுதாயத்தின் மேலேயே நோயின் பழி சுமத்தப்பட்டது. ஏப்ரல் 8ஆம் நாள் மத்தியச் சுகாதார அமைச்சகமே எந்தச் சமூகத்தையும் வட்டாரத்தையும் நோய்க்குக் காரணமாகக் காட்டாதீர் என்று அறிவுரை வெளியிட்டது. ஆகஸ்டு 21ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அம்மாநாட்டுக்கு வந்திருந்த வெளிநாட்டார் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்று கண்டது. ஆனால் அதற்குள் தீங்கு நடந்தேறிவிட்டது.

அந்தத் தீங்கில் செவிலியருக்கும் பங்கு வந்து சேர்ந்தது. 'வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?' என்று அவர் கேட்கும் கேள்விக்கு விடை சொன்னால் மாலையில் தெருப்பெயர் தொலைக்காட்சியில் வரும் என்றால் எந்தத் தாய் வாய் திறப்பார்? நோயாளியின் பட்டியல் குற்றவாளியின் பட்டியலாக மாறிய அன்றே நோயைத் தேடும் பணி முடங்கிவிட்டது. அவ்வேளையில் இந்தூரிலும் பெங்களூரிலும் சில தெருக்களில் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் தாக்கப்பட்டனர். அதை நாம் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. பழி சுமத்தியவர் எங்கோ பாதுகாப்பாக அமர்ந்திருக்க, நம் உயிர்காக்க வெயிலில் நடந்து வந்த ஏழைப் பெண்ணின் மேல் கல்லை வீசுவது வீரமும் அன்று, அறமும் அன்று. ஆயினும் அச்சம் எங்கிருந்து பிறந்தது என்பதையும் மறைக்கலாகாது. புதிதாகத் தாளும் எழுதுகோலும் ஏந்தி வருபவரை அச்சத்தோடு பார்க்கும் உம்மா, தன் மூன்று பிள்ளைகளுக்கும் ஊசி போட்ட நர்சம்மாவை உள்ளே அழைத்து உட்காரச் சொல்வார். அந்த உறவு பத்தாண்டுப் புதன்கிழமைகளில் சேர்ந்த முதல். நெருக்கடி வந்தபின் அவசரமாக ஆள் பிடித்து அதை உண்டாக்க இயலாது. நிரந்தரமாக ஒரு செவிலியரை ஓர் ஊரில் அமர்த்திச் சம்பளம் கொடுப்பதன் பயன் இங்கேதான் விளங்குகிறது.

ஆனால் நாம் கண்டது என்ன? 2005இல் தொடங்கிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பெண்கள் 'ஆஷா' என்ற பெயரில் ஊர்தோறும் பணி செய்கின்றனர். இவர்கள் செவிலியர் அல்லர். செவிலியரின் கால்களாக நடப்பவர்கள். அரசின் பார்வையில் இவர்கள் ஊழியருமல்லர், தொண்டர்கள். ஆகவே இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை மட்டுமே. கொரோனாப் பணிக்கென்று 2020இல் மத்திய அரசு கூட்டிக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 33 ரூபாய். உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒருவேளைச் சோற்றின் விலை! அவ்வாண்டு ஆகஸ்டில் ஏறத்தாழ ஆறு லட்சம் ஆஷாக்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2022 மே 22ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் இவர்களுக்கு உலகச் சுகாதாரத் தலைவர்கள் விருது அளித்தது. பாராட்டு மழை பொழிந்தது. விருது வந்தபோதும் இவர்கள் தொண்டர்களாகவே இருந்தனர்.

தமிழகம் இதில் மேம்பட்டது என்று நாம் பெருமை கொள்வதுண்டு. கிராம சுகாதாரச் செவிலியரை அரசு ஊழியராக வைத்திருப்பதில் அந்தப் பெருமை நியாயமே. ஆனால் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2015இல் தேர்வெழுதி ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியர் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை செய்தனர். 2017 நவம்பரில் சென்னையில் தெருவுக்கு வந்து போராடினர். 2020இல் தொற்றைச் சமாளிக்கத் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிந்ததென்று அறிவிக்கப்பட்டது. மாற்றுப் பணி தருவோம் என்று அரசு கூறியது. அதுவும் ஒப்பந்தப் பணியே. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சிறந்த திட்டம். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவந்து தரும் பெண்ணுக்கு என்ன பெயர்? 'தன்னார்வலர்'. தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது மாதம் 4,500 ரூபாய். தேவதை, தொண்டர், தன்னார்வலர் என்று பெயர்கள் எத்தனை! 'ஊழியர்' என்னும் ஒரே ஒரு சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் நம் அகராதியில் தாராளமாகக் கிடைக்கின்றன.

வானவர்கள் உண்பதில்லை, உறங்குவதில்லை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். செவிலியர் உண்கிறார், உறங்குகிறார், வாடகை கொடுக்கிறார், தம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார். அவரை வானுக்கு உயர்த்தியவர்கள் அந்த உயரத்தைக் காட்டியே அவருடைய வயிற்றை மறந்துவிட்டார்கள்.

'அரசிடம் பணமில்லை' என்பார் சிலர். ஊரடங்கு எத்தனை குடும்பங்களின் பிழைப்பைக் குலைத்தது என்று அறிந்தவர் இதைச் சொல்லார். நோயை முதல் வீட்டிலேயே கண்டுபிடிக்கும் ஒருவரின் ஆண்டுச் சம்பளம், அது ஊரெங்கும் பரவியபின் ஆகும் செலவுக்கு முன் எம்மாத்திரம்? 'பணம் கொடுத்தால் தொண்டு மனப்பான்மை கெடும்' என்பார் வேறு சிலர். மருத்துவருக்கும் நீதிபதிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் சம்பளத்தால் கெடாத மனம், நடந்து உழைக்கும் பெண்ணுக்கு மட்டும் கெட்டுவிடுமோ? 'அவர் கடமையைத்தானே செய்தார்' என்பார் மற்றும் சிலர். மிக நன்று, அப்படியானால் கடமைக்குரிய ஊதியத்தைக் கொடுப்பது நம் கடமை. தியாகம் என்றால் விருது, கடமை என்றால் சும்மா என்று இருபுறமும் பேசுவது நேர்மையாகாது.

அரசைக் குறை கூறுவதோடு நம் பங்கு முடிந்துவிடவில்லை. நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இடம் நிரம்பியிருக்கிறதா, காலியாகக் கிடக்கிறதா என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிராமசபையில் சாலையையும் விளக்கையும் கேட்கிறோம். அந்த இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு தீர்மானம் கேட்டோமா? நம் பெண்களைப் பெண் செவிலியரே கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நம் மகள் அந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றால் 'ஊர் சுற்றும் வேலை' என்று தடுக்கலாமா? பிறர் வீட்டுப் பெண் வெயிலில் நடந்தால் தேவதை, நம் வீட்டுப் பெண் நடந்தால் குறைவு என்னும் இந்த இரட்டை அளவுகோலை முதலில் உடைக்க வேண்டும். பள்ளிவாசல் ஜமாஅத்துகளும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு மாணவியின் செவிலியர் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டாலே பெரும் பயன் விளையும்.

இனியொரு பெருந்தொற்று எந்த ஆண்டு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வராது என்றும் சொல்ல முடியாது. வரும்போது அதை நம் தெருமுனையில் முதலில் எதிர்கொள்பவர் அமைச்சரல்லர், அறிஞரல்லர், பதிவேட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கதவைத் தட்டும் செவிலியரே. அவருக்கு வேண்டியவை நிரந்தர வேலை, நியாயமான சம்பளம், திறந்த கதவு, உண்மையான விடை. இவற்றைக் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு மனமிருந்தால் கைதட்டுவோம்.