வீடும் நாமும்: சீலிங்கில் கறை தெரிந்தால்



வீடு வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்காது. ஒருநாள் வரவேற்பறைச் சீலிங்கில் தேநீர் சிந்தியது போல ஒரு மஞ்சள் கறை தெரியும். அதற்கு மேலே இருப்பது குளியலறை. இதைக் கண்டதும் எம்மவர்களில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் விருந்தினர் கண்ணில் படாதபடி வெள்ளைப் பெயின்ற் அடித்து மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் யாரோ சொன்ன ஒருவரைக் கூப்பிட்டு, அவர் "முழுவதையும் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றதும் சம்மதித்துவிடுகிறார்கள். முதலாவதில் வீடு பழுதாகும். இரண்டாவதில் கையில் இருக்கும் பணம் போகும். இரண்டுக்கும் முன்னர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஒழுகுவது எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் பெரும்பகுதியை வீட்டுக்காரரே செலவில்லாமல் செய்யலாம்.

ஊரில் குளியலறை என்றால் சீமெந்துத் தரை, மூலையில் தண்ணீர் போக ஒரு ஓட்டை. கிணற்றடியில் வார்த்த தண்ணீர் வாழைக்குப் போய்ச் சேரும். ரொறன்ரோ, மார்க்கம், பிரம்ரன் பகுதிகளில் நாம் வாங்கும் வீடுகளில் மேல்மாடித் தளம் பெரும்பாலும் மரத்தால் ஆனது. குளியல் தொட்டிக்கு வெளியே சிந்தும் தண்ணீருக்குப் போக வழி கிடையாது. அது ரைல் இடுக்கால் இறங்கி, பலகையை நனைத்து, மரச் சட்டத்தின் வழியே ஓடி, எங்கோ ஓரிடத்தில் சொட்டும். ஆகவே கறைக்கு நேர் மேலேதான் பழுது இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

முதலில் அவசரம். சீலிங் கீழ்நோக்கிப் புடைத்திருந்தால் அல்லது தண்ணீர் விடாமல் சொட்டினால் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் பிரதான வால்வை மூடிவிட்டு உடனே பிளம்பரைக் கூப்பிடுங்கள். அந்த வால்வு பெரும்பாலும் பேஸ்மன்றில், மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் அதை இன்றே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நனைந்த இடத்துக்கு அருகே மின்விளக்கு இருந்தால் அதற்குரிய பிரேக்கரையும் நிறுத்துங்கள்.

அவசரம் இல்லையென்றால் கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, திகதியையும் எழுதுங்கள். ஒரு படமும் எடுத்து வையுங்கள். கறை கோட்டைத் தாண்டுகிறதா என்பதை வைத்து, ஒழுக்கு பழையதா, இப்போதும் நடக்கிறதா என்று அறியலாம்.

குளியலறையில் மூன்று விதமான தண்ணீர் உண்டு: வரும் தண்ணீர், போகும் தண்ணீர், சிந்தும் தண்ணீர். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

வரும் தண்ணீர்: இது குழாய்க்குள் எந்நேரமும் அழுத்தத்தோடு நிற்பது. வீட்டில் யாரும் தண்ணீர் பாவிக்காத வேளையில் மீற்றர் இலக்கத்தைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். குளிர்காலத்தில் ஃபர்னஸோடு சேர்ந்த ஈரப்பதன் கருவி தானாகத் தண்ணீர் எடுக்கும். அதை நிறுத்திவிட்டுப் பார்க்கவும். இலக்கம் மாறியிருந்தால் ரொயிலற் தாங்கியில் சில துளி உணவுச் சாயம் விட்டு, அரை மணி நேரம் கழுவாமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் தாங்கியின் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. அதனால் தண்ணீர்க் கட்டணம் கூடும். ஆனால் சீலிங் கறை அதனால் வந்ததல்ல. நிறம் தெரியாமலும் மீற்றர் ஓடினால் குழாய் எங்கோ கசிகிறது. அது பிளம்பரின் வேலை.

போகும் தண்ணீர்: மீற்றர் அசையாவிட்டால் தொட்டியைப் பாதியளவு நிரப்பி, ஷவரைத் திறக்காமல், ஒரேயடியாகப் போகவிடுங்கள். கீழே ஒருவர் நின்று பார்க்கட்டும். நனைந்தால் வடிகால் இணைப்பில் பழுது. நனையாவிட்டால் மறுநாள், மேலே உள்ள வழிவு ஓட்டை வரை நிரப்பிப் பாருங்கள். அந்த ஓட்டைக்குப் பின்னுள்ள இறப்பர் வளையம் காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும். பின்னர் ரொயிலற்றைப் பலமுறை கழுவிப் பாருங்கள். இருக்கும்போது அது ஆடினால், அடியிலுள்ள மெழுகு வளையம் விட்டிருக்கக்கூடும். அந்த வளையத்துக்குப் பெரிய விலையில்லை.

சிந்தும் தண்ணீர்: இன்னொரு நாள் ஷவர்த் தலையைக் கழற்றாமல், தண்ணீர் நேராக வடிகாலில் விழும்படி திருப்பி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சுவர் நனையக் கூடாது. வடிகால் சோதனையில் நனையாத சீலிங் இப்போது நனைந்தால், வால்விலிருந்து ஷவருக்கு ஏறும் குழாயில்தான் ஒழுக்கு. ஷவர் திறக்கும்போது மட்டுமே அதில் தண்ணீர் இருப்பதால் மீற்றர் அதைக் காட்டாது. அப்போதும் காய்ந்தே இருந்தால், சுவர் ரைல்களிலும் தொட்டி ஓரத்திலும் தண்ணீரை அடித்துப் பாருங்கள். அதன் பின் நனைந்தால் ரைல் இடுக்கோ சிலிக்கனோ விட்டிருக்கிறது. பழைய சிலிக்கனைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, தொட்டியில் தண்ணீர் நிரப்பியபின் புதியதைப் பூச வேண்டும். பாரத்தில் இடைவெளி விரிந்திருக்கும்போது பூசினால்தான் பிறகு பிளக்காது. ஒருநாள் காயும் வரை குளிக்க வேண்டாம்.

வாளியில் தண்ணீர் பிடித்துக் கோப்பையால் வார்த்துக் குளிப்பவர்கள், முக்கியமாக அப்பா அம்மா போன்ற முதியவர்கள், தொட்டிக்கு உள்ளே இருந்து குளிக்க வசதி செய்து கொடுங்கள். வழுக்காத விரிப்பும் ஒரு குளியல் இருக்கையும் போதும். தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை மட்டும் மேல்மாடியில் விட்டுவிட வேண்டும்.

கறை குளியலறையின் சொந்தச் சீலிங்கிலேயே இருந்தால் விஷயம் வேறு. காற்றை இழுக்கும் விசிறியின் குழாய் வெளியே போகாமல் அற்றிக்கில் முடிந்திருக்கலாம். குளிரில் அந்த ஈரம் அங்கே உறைந்து, பின்னர் உருகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நனைந்தது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். இழுப்புள்ளவர்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது சிறிய விஷயமல்ல. 1990 இற்கு முன் கட்டிய வீடாக இருந்தால், சீலிங்கை வெட்டுமுன் அதில் அஸ்பெஸ்ரஸ் உண்டா என்று சோதிப்பிக்க வேண்டும்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் கட்டியவரிடம் வாயால் சொல்வது போதாது. ஒன்ராறியோவில் ராறியன் உத்தரவாதப்படி வேலைக் குறைகளுக்கு முதல் ஓராண்டும், வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவரும் குழாய்த் தொகுதியின் குறைகளுக்கு இரண்டாண்டும் பாதுகாப்பு உண்டு. தவணைக்குள் உரிய படிவத்தை ராறியனுக்கு அனுப்ப வேண்டும். வீடு கைமாறினாலும் எஞ்சிய காலத்துக்கு உத்தரவாதம் வீட்டோடு தொடரும்.

காப்புறுதியைப் பொறுத்தவரை, திடீரென வெடித்த குழாயால் வந்த சேதத்துக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் பணம் கொடுக்கும். மாதக்கணக்கில் மெல்லக் கசிந்ததற்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. கறையைப் பெயின்ற் அடித்து மறைப்பது இதனால்தான் ஆபத்து. பெயின்றுக்குப் பின்னால் கசிவு பழையதாகிக்கொண்டே போகும். கண்ட நாளையும் எடுத்த படங்களையும் வைத்திருந்து, தாமதிக்காமல் அறிவியுங்கள்.

ஒன்ராறியோவில் பிளம்பர் வேலைக்குத் தகுதிச் சான்று கட்டாயம். தெரிந்தவர், உறவினர் என்றாலும் அதைக் கேட்பதில் தவறில்லை. இரண்டு பேரிடமாவது எழுத்தில் விலை வாங்குங்கள். உங்கள் சோதனை முடிவை முதலில் சொல்லுங்கள்: "தொட்டி நிரப்பிப் போகவிட்டால் நனைகிறது, ஷவரால் அல்ல." இப்படிச் சொல்பவரிடம் முழுக் குளியலறையையும் உடைக்கச் சொல்ல எவரும் இலகுவில் துணிய மாட்டார்.

அடுத்த இதழில்: குளிர் வருமுன் வெளிச்சுவர்த் தண்ணீர்க் குழாயை மூடி வைப்பது எப்படி?