வண்டி நிற்க ஓர் இடம்

சங்கத்தின் பொங்கல் சுற்றுலாவுக்கு இவ்வாண்டும் டிரெயிலர் வண்டியை வாடகைக்கு எடுப்பதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால், அதை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு, "காவிரிக் கரையில்தான், நீருக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது" என்று குழு நண்பர்கள் கூறியிருப்பதை நான் மறுக்கிறேன். சென்ற ஆண்டு அந்த வண்டியில் இருந்த ஐவரில் நானும் ஒருவன் என்ற உரிமையில் மறுக்கிறேன்.

முல்லைப்பாட்டைப் படித்த தோழர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நப்பூதனார் காட்டும் பாசறையும் காட்டாற்றை அடுத்தே இருக்கிறது. ஆனால், அங்கே புதர்களை வெட்டுகிறார்கள், வேடர் அரணை அழிக்கிறார்கள், முள்வேலி வளைக்கிறார்கள், பிறகே படை தங்குகிறது. இரவில் பொழுது அளந்து சொல்ல நாழிகைக் கணக்கர் வேறு. நாமோ கைப்பேசியில் ஓர் அந்திப் படத்தைப் பார்த்தோம், புறப்பட்டோம். "எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்றார் வண்டிக்காரர். அவருக்கென்ன, முன்பணம் வாங்கியாகிவிட்டது!

சென்ற ஆண்டு ஆவணி மாதம். சீரங்கப்பட்டணத்துக்கும் தலக்காட்டுக்கும் இடையே, ஆற்றை ஒட்டிய ஒரு புல்திட்டில் வண்டியை நிறுத்தினோம். பொழுது சாயும் நேரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று, ஆற்றைக் காட்டி, "நீரு பிடுத்தாரெ" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். ஊரார் இங்கே நீர் பிடிக்கிறார்கள், அசுத்தம் செய்யாதீர்கள் என்கிறார் போலும் என எண்ணி, "சரி ஐயா" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டோம்.

அவர் சொன்னது அதுவன்று. தமிழில் வகரம் வருமிடத்தில் கன்னடத்தில் பகரம் வரும். நம் வேர் அவர்களுக்குப் பேரு. நம் 'வா' அவர்களுக்கு 'பா'. நம் 'விடு' அவர்களுக்குப் 'பிடு'. "தண்ணீர் திறந்து விடுகிறார்கள்" என்றே அந்தப் பெரியவர் எச்சரித்தார். இரண்டாண்டு இவ்வூரில் உண்டு உறங்கிப் படித்த எனக்கு, உடன்பிறந்த மொழியின் ஒரு வினைச்சொல் விளங்கவில்லை. வேதியியலில் முதுகலை படிக்கிறேன் என்று பெயர்.

கிருஷ்ணராஜசாகர் அணையின் நிறைமட்டம் 124.80 அடி. அதை எட்டிவிட்டால், வருகிற வெள்ளத்தைக் கீழே விடுவதன்றி வழியில்லை. மழை குடகில் பெய்யும். நம் தலைக்கு மேலே விண்மீன் மின்னும். வானத்தைப் பார்த்து ஆற்றை அறிய முடியாது. இரவு ஒரு மணிக்கு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோதுதான் விழித்தோம். தாங்குகட்டை சேற்றில் இறங்கியிருந்தது. படிக்கட்டை நீர் தொட்டுக்கொண்டிருந்தது. ஜீப்பை முடுக்கினால் சக்கரம் சுழன்றதே தவிர நகரவில்லை. நம் கூச்சல் கேட்டு ஓர் உழவர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டார். டீசலுக்குக் கூடக் காசு வாங்கவில்லை. அரைமணி தாழ்த்திருந்தால் இக்கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

"தை மாதத்தில் வெள்ளம் ஏது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அச்சம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், வண்டியில் ஒரு கழிவுத் தொட்டி இருக்கிறதே, அதை எங்கே கவிழ்ப்பது? சென்ற முறை பாத்திரம் கழுவிய சோப்பு நீரெல்லாம் ஆற்றுக்கே போயிற்று. பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளியபோது நகராட்சியை ஏசியவர்களும் நாமே! அந்த ஆற்று நீர்தான் சிவசமுத்திரப் பக்கம் எடுக்கப்பட்டு, தொரெக்காடனஹள்ளியில் தூய்மையாக்கப்பட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மேடேறி நம் விடுதிக் குழாய்க்கு வருகிறது. எஞ்சியது பிலிகுண்டுலுவைக் கடந்து மேட்டூருக்குப் போகிறது. அந்த எல்லையில் காவிரியின் அளவைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நாம், அதன் தூய்மைக்கும் கொஞ்சம் பொறுப்பேற்கலாமே.

ஆகவே என் கட்சி இதுதான்: ஆற்றங்கரை வேண்டாம், மேட்டுநிலத்தில் ஒரு தோட்டம் பாருங்கள். உரிமையாளரிடம் கேட்டு, வாடகை கொடுத்து, அவர் காட்டும் கழிவுக்குழியைப் பயன்படுத்துங்கள். தரை மட்டமா என்றறியத் தட்டில் நீர் ஊற்றி வைத்தால் போதும். தென்னை மரத்தடி கூடவே கூடாது. மட்டையும் காயும் கூரையைக் கேட்டுவிட்டு விழுவதில்லை. புங்க மர நிழல் நன்று. நேராக நுழைந்து நேராகவே வெளியேறும் வழி இருக்க வேண்டும். பின்னோக்கிச் செலுத்தினால், நாம் வலப்புறம் திருப்ப டிரெயிலர் இடப்புறம் போகும். சங்கத்தில் அதைப் பழகியவர் ஒருவரும் இல்லை. பகலிலேயே போய்ச் சேர வேண்டும். முதுமலைப் பக்கம் போகலாமென்பாருக்கு ஒரு சொல்: பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 மணி வரை 2009 முதலே மூடப்படுகிறது. அதற்கப்பால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டியை இழுக்க நான் வரமாட்டேன்.

கனகபுரா சாலையில் ஒரு மாந்தோப்பு இருப்பதாக விடுதிச் சமையற்காரர் சொல்கிறார். அவருக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். உடன் வர இசைந்திருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை, வழியை அளக்க நூல்கயிறும் மட்டம் பார்க்க ஒரு தட்டுமாகப் போகிறேன். ஜீப்பில் இன்னும் இருவருக்கு இடமிருக்கிறது. செயற்குழுவினர் வந்தால் நல்லது.