பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி

மோட்டார் ஓடலைன்னா நாங்க உடனே புது மோட்டார் வாங்கறதில்ல. முதல்ல ஃபீஸ் பார்ப்போம், அப்புறம் ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர். காயில் கடைசி. லேப்டாப்புக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்புல "புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்றாங்க?

2011 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்த பெட்டிங்க எங்க குயிலாப்பாளையம் பக்கம் இன்னும் ஓடுது. அண்ணன் படிச்சதுல இப்ப தங்கச்சி படிக்குது. அப்படி ஒரு பொண்ணு, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்குது. லேப்டாப் மந்தமாச்சுன்னு டவுன்ல ஒரு கடையில விண்டோஸ் திரும்பப் போடக் குடுத்தாங்க. பாதியில நின்னுபோச்சு. மறுபடி போட்டாலும் அதே கதை. "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க"ன்னுட்டாங்க. "மாமா, மூணு வருஷ நோட்ஸும் அதுலதான் இருக்கு"ன்னு அந்தப் பொண்ணு கலங்கிடுச்சு.

லினக்ஸ் தெரிஞ்ச ஒரு பையன் வந்தான். இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே லினக்ஸை ஓட்டினான். திரை நல்லா வந்துச்சு. அப்போ போர்டு போகல. ஹார்ட் டிஸ்கைச் சோதிச்சா, அங்கங்க கெட்ட செக்டார். எழுதும்போது அந்த இடத்துலதான் இன்ஸ்டால் நின்னிருக்கு. கடைக்காரர் அழிச்சது சி டிரைவை மட்டும். நோட்ஸ் இருந்த டி டிரைவ் அப்படியே இருந்துச்சு. முதல்ல அதை வெளி டிஸ்குக்கு எடுத்தான். அப்புறம்தான் பழைய டிஸ்கைக் கழட்டி எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் போட்டான். ஆன செலவு புது லேப்டாப் விலையில ஒரு சின்னப் பங்குதான்.

இதுல பெரிய வித்தை எதுவுமில்ல, வரிசைதான் முக்கியம். முதல்ல ஃபைலைக் காப்பாத்து, அப்புறம் டிஸ்கைச் சோதி, அதுக்கப்புறம் இன்ஸ்டால்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட இலவச ஆதரவு நின்னுபோச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணுமாம், அந்தக் காலத்துப் பெட்டியில அது ஏது? அதுக்காக நல்லா இருக்கற பெட்டி குப்பையா? விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-ல ஆதரவு நின்னப்போ, சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸைப் போடச் சொல்லி தமிழக அரசே தன் துறைகளுக்குச் சொல்லுச்சு. அப்போ வழி இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

இல்லாதது கத்துக்குடுக்கற ஆளுதான். விழுப்புரத்துல குனு லினக்ஸ் பயனர் குழு ஒண்ணு பசங்களுக்கு இலவசமா சொல்லித் தர்றாங்க. அது மாதிரி ஊர் நூலகத்துக்கு ஒரு பென்டிரைவும், அதை ஓட்டத் தெரிஞ்ச நாலு பிள்ளைங்களும் வேணும். லேப்டாப் குடுக்கறவங்க அதைப் பிரிச்சுப் பார்க்கற தைரியத்தையும் சேர்த்துக் குடுக்கணும்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கற நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸோட ஒரு லினக்ஸ் பென்டிரைவும் எடுத்துட்டு வாங்க. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா போதும், தெருவுல இருக்கற மத்த பெட்டியை அது பார்த்துக்கும்.