தேதி என்பது வெறும் எழுத்தல்ல

பேரா தோட்டங்களின் பழைய பதிவுகளை இணையத்தில் ஏற்றும்போது, தேதியை ஏட்டில் உள்ளபடி வெறும் எழுத்தாகவே தரவுத்தளத்தில் போட்டால் போதும் என்கிறார் ஈப்போ நண்பர். “படிக்கப்போவது மனிதர்தானே” என்பது அவர் வாதம். படிப்பவர் மனிதர்தான், ஆனால் தேடித் தருவது கணினி.

மூன்று நாள்களைப் பாருங்கள். சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் மூவர் கொல்லப்பட்ட 16-06-1948. மெர்டேக்கா நாளான 31-08-1957. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்ந்த 01-01-1982. எழுத்தாக வைத்தால் கணினி இடப்பக்க இலக்கத்திலிருந்து ஒப்பிடும். 1982 முதலில் வந்து நிற்கும், 1948 அதன் பின்னே! தேதிக்குரிய வகையில் 1948-06-16 என வைத்தால் வரிசை தானே சரியாகும். 1948 ஜனவரி 1 முதல், 1949 ஜனவரி 1-க்கு முன்வரை என்று கேட்டால், இன்டெக்ஸ் உதவியோடு அந்த ஆண்டு முழுவதும் விரைவாகக் கிடைக்கும்.

ஏட்டில் முழுத் தேதியே இல்லாத பதிவுகளை என்ன செய்வது என்ற அவரது கேள்வி நியாயமானது. சிலருக்குப் பிறந்த ஆண்டு மட்டுமே தெரியும். ஜப்பானியர் காலத் தாள்களில் 1942-ஆம் ஆண்டு அவர்கள் கணக்கில் 2602 என்றிருக்கும். அதற்காகத் தேதி வகையையே கைவிடுவதா? ஏட்டின் வாசகம் ஒரு புலத்தில் மாறாமல் இருக்கட்டும். வேறு இரண்டு புலங்களில் தேடுவதற்கான தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கட்டும். தெரியாத பிறந்த நாளை ஜனவரி 1 என நிரப்புவது மட்டும் வேண்டாம். அது அந்த மனிதரைப் பற்றிய பொய்.

நண்பரே, பதிவுகள் பெருகுமுன் இப்போதே மாற்றிவிடுங்கள்.