கோரிக்கை மனு: பின்னலாடை வட்டாரத்தில் உடல்நலம், மாற்றுத்திறன் குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்கு வழி செய்ய வேண்டுதல்

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மாற்றுத்திறனாளிகள் சங்கம்,
பொங்கலூர் ஒன்றியம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், திருப்பூர்.

பொருள்: உடல்நலம், மாற்றுத்திறன் சார்ந்த முனைவர் பட்ட ஆய்வை மாற்றுத்திறனாளிகளே மேற்கொள்ள, மாவட்டத்தில் ஆய்வு மையம், உதவித்தொகை, இடஒதுக்கீடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தில் அழுகல் விழுந்தால் கேட்டறியப் பொங்கலூரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தறிக் குடோனில் இருபது வருடம் நின்றவரின் காது மந்தமானால், பஞ்சு மில்லில் வேலை செய்தவருக்கு மூச்சு இரைத்தால், கட்டிங் மெஷினில் விரலை இழந்தவர் அடுத்து என்ன வேலை செய்வது என்று தவித்தால், எங்கே போய்க் கேட்பது என்று தெரியவில்லை. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் தொழில்சார் நோய்களாகச் சட்டப் பட்டியலில் உள்ளவை. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அந்த நுரையீரல் நோயின் அடையாளம். அதைத் தொழிலாளி சளி என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு மறுபடி ஷிப்டுக்குப் போகிறார்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் விசைத்தறித் தொழிலாளியின் மகள். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் பாதிக்கப்பட்டவர். சமூகப் பணியில் முதுகலை முடித்தவர். அப்பாவின் செவித்திறன் எப்படிப் போனது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். ஆய்வுத் துறைக்குப் பல்லடத்தில் இறங்கி, மேலும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். துறை இருந்தது இரண்டாம் மாடியில், லிப்ட் இல்லை. ஒன்றரை வருடம் படியேறியவர், பிறகு போகவில்லை. அவர் சேகரித்த குறிப்பேடுகள் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1966இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். பாதிப்பை அனுபவித்தவர் கையில் படிப்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பைத்தான் கேட்கிறோம்.

19.04.2017 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு முழு இடம் தருகிறது. மறுவாழ்வுக்கும் அதிகாரமளித்தலுக்கும் தேவையான ஆய்வுகளை அரசு தொடங்க வேண்டும் என்கிறது பிரிவு 28. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் சட்டம் வரையறுத்த அளவு பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது பிரிவு 32. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகள் பதிவாயினர். அப்போது கேட்கப்பட்டது 8 வகை. சட்டம் இன்று ஏற்பது 21 வகை. இடைவெளியை நிரப்ப ஆய்வு வேண்டும்.

எனவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்:

1. ஆய்வு மையம்: திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியும் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் இணைந்து, தொழில்சார் உடல்நலம் மற்றும் மாற்றுத்திறன் ஆய்வு மையம் அமைக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். இயன்முறை மருத்துவர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் ஆகியோரும் அங்கே ஆய்வில் சேர வழி வேண்டும்.

2. இடஒதுக்கீட்டுக் கணக்கு: பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி ஒரு நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வாளர்களை மட்டுமே ஏற்கலாம். நெறியாளர்வாரியாகவோ சிறிய துறைவாரியாகவோ கணக்கிட்டால் 5 சதவீதம் ஓர் இடத்தைக்கூட எட்டாது. 20 இடம் சேர்ந்தால்தான் ஒன்று. ஆகவே பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே கணக்காக எடுத்து, காலியிடங்களை ஆண்டுதோறும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

3. மாநில உதவித்தொகை: மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 200 பேருக்கே. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவருக்கும், தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகை பெறாதவருக்கும் கைகொடுக்க மாநில அரசு தனி உதவித்தொகை வழங்க வேண்டும்.

4. கூடுதல் இரண்டு ஆண்டுகள்: 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிகள் 40 சதவீதத்துக்கு மேல் பாதிப்புள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதல் அவகாசம் தருகின்றன. ஆனால் உதவித்தொகை ஐந்தாண்டோடு நின்றுவிடுகிறது. அவகாசம் நீளும் காலத்துக்கும் உதவித்தொகை நீள வேண்டும். அந்தக் காலத்துக்குக் கட்டணம் கூடாது.

5. அணுகல் வசதி: ஆய்வாளர் மாடியேற முடியாவிட்டால் வகுப்பும் நெறியாளர் சந்திப்பும் தரைத்தளத்தில் நடக்க வேண்டும். பருவந்தோறும் நடக்கும் ஆலோசனைக் குழு ஆய்வைக் காணொலியில் நடத்தலாம். செவித்திறன் குறைந்தவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய நூலகக் கோப்புகள், துணையாளர் படி ஆகியவை தேவை. பட்டத்தை எளிதாக்கக் கேட்கவில்லை. அதை அடையும் படிக்கட்டைத்தான் மாற்றக் கேட்கிறோம்.

6. ஒப்புதலும் முடிவும்: மாற்றுத்திறனாளிகள் மீதான எந்த ஆய்வுக்கும் அவர்களின் ஒப்புதலும், பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ அவர்களின் பதிவுபெற்ற அமைப்பினரோ உள்ள குழுவின் முன்அனுமதியும் வேண்டும் என்கிறது மேற்சொன்ன சட்டத்தின் பிரிவு 6. அந்தக் குழுவில் தொழில் வட்டாரத்தினருக்கும் இடம் தர வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழில் மட்டுமின்றி, இங்கு வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளருக்காக இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். ஆய்வு முடிவைக் கிராம சபையில் தமிழில் எடுத்துச் சொல்வது கட்டாயமாக வேண்டும்.

7. தரவுகள்: வீடு வீடாக நடந்த மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பின் விவரங்களை, பெயர், முகவரி நீக்கி, பதிவு பெற்ற ஆய்வாளர்களுக்கு வழங்க வேண்டும்.

எங்கள் பங்காக, ஆய்வுக்கு வரும் மாணவர்களைத் தறிக் குடோன்களுக்கும் வீடுகளுக்கும் அழைத்துச் செல்வதையும், கூட்டம் நடத்த இடம் ஏற்பாடு செய்வதையும் சங்கம் ஏற்கிறது. கேள்வித்தாளோடு எங்களிடம் வந்தவர்கள் பலர். விடை என்ன ஆனது என்று திரும்பி வந்து சொன்னவர் இல்லை. கேள்வி கேட்பவரும் எங்களில் ஒருவராக இருந்தால், விடை ஊருக்குத் திரும்பும்.

மேற்கண்ட கோரிக்கைகள் மீது கல்லூரி முதல்வர்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதிகள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், எங்கள் சங்கம் ஆகியோர் பங்கேற்கும் கூட்டத்தை 30 நாள்களுக்குள் கூட்டித் தருமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பரணில் இருக்கும் குறிப்பேடுகளை அந்தக் கூட்டத்துக்கு எடுத்து வருவதாக எங்கள் உறுப்பினர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

இடம்: பொங்கலூர்

நகல்:
1. செயலாளர், உயர்கல்வித் துறை, சென்னை
2. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, சென்னை
3. துணைவேந்தர், பாரதியார் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்
4. முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி, திருப்பூர்